குடை எண் இருபத்து மூன்று

முதலில் ஒரு விடுகதை. அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

நாம் நனையாமல் இருக்க வேண்டும் என்று அதைச் செய்தார்கள். அது நனையாமல் இருக்க வேண்டும் என்று நாம் நனைகிறோம். அது என்ன?

குடை என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். வீட்டுக் குடை தாராளமாக நனையும். மழை விட்டதும் ஒரு மூலையில் விரித்து வைத்தால் காய்ந்துவிடும். அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. சரியான விடை, அலுவலகக் குடை.

நான் சுற்றுப்பயண வசதித் துறையில் மழை உடைமைகள் பிரிவின் பொறுப்பாளன். வேலையாக வெளியூர் போகும் அதிகாரிகளுக்குக் குடையும் மழைக்கோட்டும் ரப்பர் காலணியும் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பது என் பணி. பிரிவில் நானும் ஓர் உதவியாளர் அம்மாவும் இரண்டு இரும்பு அலமாரிகளும் இருக்கிறோம். எங்கள் ஊரில் வருடத்துக்கு நாலைந்து நாள்தான் மழை. அதிலும் இரண்டு, ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும். மழை இல்லாத ஊரில் மழைப் பிரிவு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. மழை பெய்யும் ஊரில் வைத்தால் பொருட்கள் நனைந்துவிடாதா?

நான் பொறுப்பேற்ற முதல் வருடம் ஒரு நில அளவையாளர் மழைக்கோட்டை ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தார். நானும் விவரம் தெரியாமல் வாங்கி அலமாரியில் வைத்தேன். ஒரே வாரம். கோட்டின் மேல் பச்சைப் பூஞ்சணம் பூத்து, பக்கத்திலிருந்த இரண்டு கோட்டுகளுக்கும் பரவியிருந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து விதி ஒன்பதை எழுதினேன்.

‘வழங்கப்பட்ட உடைமைகள் வழங்கப்பட்ட நிலையிலேயே, அதாவது உலர்ந்த நிலையிலேயே, எக்காலத்தும் பேணப்பட்டுத் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும். ஈரம், சேதமாகவே கருதப்படும்.’

நனைந்தால் காயவைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கத்தான் நினைத்தேன். அந்தத் தாளில் இடம் இல்லை.

அன்று தொடங்கிப் பதினெட்டு வருடம். எங்கள் பிரிவின் ஒரு பொருள்கூட நனைந்ததில்லை. அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக் கோட்டை வாங்குவார்கள். பாலிதீன் உறையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் நடந்து போய் வேலையை முடித்து, சொட்டச் சொட்டத் திரும்பி வருவார்கள். ஒருமுறை பாலம் கட்டும் பொறியாளர் ஒருவர் காய்ச்சலோடு நேராக என் மேசைக்கு வந்தார். அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கோட்டில் ஒரு துளி இல்லை. அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுக்கும்படி நான்தான் பரிந்துரைத்தேன். மருத்துவமனைக்கே அனுப்பி வைத்தோம்.

இப்போது என் மகளைப் பற்றி. எட்டு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய பாடப் புத்தகத்தில் ஓர் அருவியின் படம் வந்தது. மிகத் தொலைவில், வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் மழைக்காட்டில், மழை மாதங்களில் மட்டும் தோன்றும் அருவி.

“மழை நின்னா அது எங்கப்பா போகும்?”

“எங்கயும் போகாது. இல்லாமப் போயிடும்.”

“அப்போ இருக்கும்போதே போய்ப் பாத்துடலாம்.”

நியாயமான யோசனை. அந்த வாரமே விடுப்புக்கு விண்ணப்பித்தேன். மழை முழுவதும் ஓய்ந்த பிறகு அனுமதி வந்தது. ‘இக்காலத்தில் பயணம் பாதுகாப்பானது’ என்று ஓரத்தில் குறிப்பும் இருந்தது. அடுத்த வருடமும் அப்படியே. இந்த வருடம் எங்கள் கண்காணிப்பாளர் போன வருட விண்ணப்பம் என்று நினைத்து, சரியான மாதத்தில் தவறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தவற்றைக் கண்டுபிடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“சரி, போட்டது போட்டாச்சு. போய்ட்டு வாங்க. வீட்டுல குடை இருக்கா?”

“இல்லைங்க சார்.”

“கோட்டு?”

“அதுவும் இல்லைங்க சார்.”

ஆனை கட்டித் தீனி போடுகிறவன் வீட்டில் பூனை இல்லாத கதைதான். இருபத்து மூன்று குடைகளுக்குக் காவல் இருப்பவனுக்கு, சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

“கடையில வாங்கிடலாம்னு இருக்கேன் சார்.”

கண்காணிப்பாளர் பேனாவை மூடி வைத்தார். “மழைப் பிரிவுப் பொறுப்பாளர் கடைக்குப் போய்க் குடை வாங்கினா பாக்கிறவன் என்ன நினைப்பான்? நம்ம குடை மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு நினைப்பான். படிவம் போட்டு நம்மகிட்டயே வாங்குங்க.”

என் பிரிவில் படிவத்தைப் பரிசீலிக்கும் அதிகாரம் எனக்கு மட்டுமே உண்டு. அதனால் முதலில் விண்ணப்பதாரர் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பிறகு மேசையைச் சுற்றி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘அருவி பார்க்க’ என்று எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓர் அலுவலகத்துக்கு இப்படியா எழுதுவது? சிவப்பு மையில் ‘விளக்கம் தேவை’ என்று எழுதி எதிர்ப்பக்கம் தள்ளினேன்.

உதவியாளர் அம்மா தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருக்கு சார் திருப்பி அனுப்புறீங்க?”

“விண்ணப்பதாரருக்கு.”

“அது நீங்கதானே?”

“இப்போ இல்லம்மா. இப்போ நான் பொறுப்பாளர்.”

“அப்போ அவர் எங்க போனார்?”

காலி நாற்காலியைப் பார்த்தேன். “வருவார்” என்றேன்.

இரண்டாவது முறையும் நிராகரித்தேன். மூன்றாவது முறை ‘பருவகால நீர்வீழ்ச்சிசார் கள நிலைமையின் நேரடி அவதானிப்பு’ என்று எழுதியிருந்தது. படித்ததும், இந்த மனிதருக்குக் கட்டாயம் கோட்டுக் கொடுத்தாக வேண்டும் என்று பட்டது.

எனக்கும் என் மனைவிக்கும் ஆளுக்கொரு மழைக்கோட்டு, ஆளுக்கொரு ஜோடி ரப்பர் காலணி. மகளுக்குக் குடை எண் இருபத்து மூன்று. அது சின்னஞ்சிறு சிவப்புக் குடை. எப்போதோ கொள்முதலில் தவறி வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அதைப் பிடிக்கிற அளவில் எங்கள் துறையில் அதிகாரிகள் இல்லை. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். மாதம் ஒருமுறை அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று விரித்துப் பார்த்துவிட்டு மூடி வைப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பொருளைப் பெறுபவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். சனிக்கிழமை மகளை அழைத்துப் போனேன். விதி ஒன்பதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

“அப்பா, மழை வந்தா குடையைப் பிடிக்கணும்தானே?”

“ஆமா.”

“பிடிச்சா நனையுமே.”

“நனையக் கூடாதுன்னுதான் விதி இருக்கே.”

மகள் உதவியாளர் அம்மாவைப் பார்த்தாள். உதவியாளர் அம்மா மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. மகள் படிவத்தை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு தன் பெயரை எழுதி, அடியில் நீளமாக ஒரு கோடு இழுத்து, கோட்டின் முடிவில் இரண்டு புள்ளி வைத்தாள். அந்தக் கோடும் புள்ளிகளும் என்னுடையவை. என் கையெழுத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டில் மூட்டை கட்டினோம். என் மனைவியின் தம்பியும் கூட வருவதாக ஏற்பாடு. அவன் ‘ஒற்றைப் பை’ இயக்கத்தைச் சேர்ந்தவன். உலகத்தில் எங்கே போனாலும் ஒரே ஒரு பையோடு போய் வர வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. கைப்பேசியில் அவர்களுக்கு ஒரு குழு உண்டு. அதில் எல்லாரும் தங்கள் பையைத் திறந்து படம் எடுத்துப் போட்டு, ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்வார்கள். யார் எங்கே போனார்கள் என்று அதில் யாரும் கேட்பதில்லை.

அவன் கூடத்தின் நடுவில் பையை வைத்தான்.

“மொத்தம் ஏழே பொருள் அத்தான். நாலு கிலோ.”

“பை மட்டும் எவ்வளவு மாப்ளே?”

“பை ரெண்டரை.”

ஏழையும் வரிசையாக எடுத்துக் காட்டினான். இருபது நிமிடத்தில் காயும் சட்டை இரண்டு. முழங்காலில் ஜிப்பைப் பிரித்தால் அரைக்காற்சட்டையாகிவிடும் முழுக்காற்சட்டை ஒன்று. காகிதம்போல் கிழித்துப் பயன்படுத்தும் சோப்பு ஒரு கட்டு. எந்தத் தண்ணீரையும் வடிகட்டிவிடும் குப்பி. எலுமிச்சம்பழம் அளவுக்கு மடிந்திருந்த மழைக்கோட்டு. ஏழாவதாக, பையை எடை போட்டுப் பார்க்க ஒரு தராசு.

“அந்தக் கோட்டைப் பிரிச்சுக் காட்டேன் மாமா” என்றாள் மகள்.

“ஐயையோ, பிரிச்சா திரும்ப மடிக்க வராதுடா குட்டி. அதை மடிக்கிறதுக்குன்னே ஒரு வகுப்பு இருக்கு.”

நான் சிரித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கெல்லாம் அடிமையாகிறார்கள் பாருங்கள் என்று மனைவியிடம் சொன்னேன். பிறகு என் வேலையைத் தொடங்கினேன்.

மழைக்கோட்டுகளைத் தனித்தனிப் பாலிதீன் உறையில் போட்டேன். பாலிதீனுக்குள் வியர்த்துவிட்டால் என்ன செய்வது? அதனால் முதலில் துண்டில் சுற்றினேன். ரப்பர் காலணிகளுக்குள் செய்தித்தாளைத் திணித்தேன். சிவப்புக் குடையை அதன் உறையில் போட்டுப் பொத்தானை மாட்டி, உறையை ஒரு பையில் இட்டேன். எல்லாவற்றையும் தகரப் பெட்டிக்குள் அடுக்கி மூடினேன். தகரம் துருப்பிடிக்குமே? பெட்டியைச் சுற்றி நீலத் தார்ப்பாய் போட்டு, கயிற்றால் ஒன்பது முடிச்சுப் போட்டேன். எழுந்து நின்று பார்த்தபோது, வெள்ளமே வந்தாலும் அந்தப் பெட்டி மிதந்து அலுவலகத்துக்குத் தானாகத் திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது.

மனைவி நாலு பேருக்கான துணிகளை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஏங்க, துணியை எங்க வைக்கிறது?”

பெட்டியில் இடமில்லை. இரண்டு துணிப்பைகளைக் கொடுத்தேன்.

“மழைக்கோட்டு பெட்டிக்குள்ள. உடுத்துற துணி வெளிய, துணிப்பையில. அப்படித்தானே?”

“ஆமா.”

“நம்மள எதுல வைக்கப் போறீங்க?”

“அக்கா, நீங்க ரெண்டு பேரும் எங்க குழுவுல சேந்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல” என்றான் தம்பி.

“நீ சும்மா இருடா, தராசைத் தூக்கிட்டு ஊர் பாக்கப் போற மூஞ்சி.”

 மகள் ஓவியப் புத்தகத்தையும் பென்சில் பெட்டியையும் தன் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டாள். அருவியைப் பார்த்து வரைந்து வந்து வகுப்பில் காட்டுவதாக ஆசிரியையிடம் சொல்லியிருந்தாள். இரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்ததால், ஆசிரியை இப்போதெல்லாம் சரி சரி என்று தலையாட்டுவதோடு நிறுத்திவிட்டாராம்.

பேருந்தில் ஒன்பது மணி நேரம். ஏழாவது மணியில் மழை பிடித்தது. பேருந்தின் கூரை ஒழுகியது. இருக்கைக்கு அடியில் இருந்த துணிப்பைகள் இரண்டும் நன்றாகக் குடித்தன. தகரப் பெட்டியை என் மடியில் வைத்து, அதன் மேல் நான் கவிழ்ந்துகொண்டேன். இறங்கும்போது என் முதுகைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். முடிச்சு ஒன்பதும் காய்ந்திருந்தன.

விடுதிக்காரர் நல்ல மனிதர். இடுப்பில் அரைக்கால்சட்டை, தோளில் ஒரு துண்டு. மழையிலிருந்து வந்து மழைக்குள் போய்க்கொண்டே இருந்தார்.

“அருவிதானே? இப்படியே போனா அரை மணி நடை. சின்னப் பிள்ளைங்களே போய்ட்டு வரும். நல்ல பாதை, வழுக்காது.”

“மழை எப்போ விடும்?”

அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “மழை பெஞ்சாத்தாங்க அருவி.”

எங்களிடம் இருந்தது மூன்று நாள். மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும் பேருந்து.

முதல் நாள் முழுவதும் மழை. எனவே கோட்டை வெளியே எடுக்க வழியில்லை. அறையில் உட்கார்ந்து, மழை நிற்பதற்காகக் காத்திருந்தோம். மழை நின்றதும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவது என்பது திட்டம். அதைச் சொன்னபோது மனைவி என்னையே வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் மழை விட்டது. பாய்ந்து போய் முடிச்சுகளை அவிழ்த்தேன். ஆறாவது முடிச்சில் விடுதிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இப்போ போனா ஒண்ணும் இருக்காதுங்க. விட்ட உடனே மெலிஞ்சிடும். அடுத்த மழை பிடிக்கட்டும்.”

அடுத்த மழை பிடித்தது. ஆறு முடிச்சுகளையும் திரும்பப் போட்டேன்.

இதற்கிடையில் என் மச்சான் நிலைமை கொஞ்சம் பரிதாபம். இருபது நிமிடத்தில் காயும் சட்டைகள் இரண்டும் இரண்டு நாளாகக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. கழுத்துப் பட்டியில் இருந்த சின்ன எழுத்தை என் மகள் படித்துச் சொன்னாள்.

“மாமா, ‘நல்ல வெயிலில்’னு போட்டிருக்கு.”

முழுக்காற்சட்டையின் ஒரு கால் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. சோப்புக் காகிதங்கள் ஈரக் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்து, கடைசியில் ஒரு சாதாரண சோப்பாக மாறியிருந்தன. வடிகட்டும் குப்பியில் மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்தோம். அது நன்றாகவே இருந்தது. குப்பி இல்லாமல் குடித்தபோதும் நன்றாகவே இருந்தது.

“அந்த எலுமிச்சம்பழத்தைப் பிரியேன்டா. நீயாவது பிள்ளையைக் கூட்டிட்டுப் போ” என்றாள் அவன் அக்கா.

“அக்கா, நான் இன்னும் படம் எடுத்துப் போடல. மடிப்பு கலையாம இருக்கணும்.”

அப்போது என் கண்ணும் அவன் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. இருவரும் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. மழை வானத்தையே கவிழ்த்ததுபோல் பெய்தது. அறைக்குள் இருந்தபடியே அருவியின் இரைச்சல் கேட்டது. மகள் சன்னலோரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். இந்த மூன்று நாளும் அவள் அடம் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. பின்னால் போய் நின்று பார்த்தேன். தகரப் பெட்டியை வரைந்திருந்தாள். முந்தின பக்கத்தைப் புரட்டினேன். அதிலும் தகரப் பெட்டி, வேறு கோணத்திலிருந்து. முடிச்சுகள் ஒன்பதையும் சரியாக எண்ணிப் போட்டிருந்தாள்.

“வகுப்புல இதைத்தான் காட்டப் போறா” என்றாள் மனைவி, மெதுவாக. “அருவிக்குப் போன பிள்ளை கொண்டுவந்தது.”

 போய் முடிச்சுகளை அவிழ்த்தேன். விடுதிக்காரர் உட்பட எல்லாரும் கூடிவிட்டார்கள். தார்ப்பாயை நீக்கினேன். பெட்டியைத் திறந்தேன். பையை, பாலிதீனை, துண்டை ஒவ்வொன்றாக அகற்றினேன். மழைக்கோட்டை இரண்டு கைகளாலும் எடுத்து, பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக, விரித்தேன்.

சடசடவென்று ஒரு சத்தம். மடிப்பு இருந்த இடமெல்லாம் காய்ந்த சருகுபோல் முறிந்து, கோட்டு நாலு துண்டாகக் கீழே விழுந்தது. என் கையில் கழுத்துப்பட்டை மட்டும் இருந்தது. அதில் எங்கள் துறையின் முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

மற்றதையும் விரித்தேன். அது ஆறு துண்டானது.

“நல்லாக் காஞ்சிருக்கு” என்றார் விடுதிக்காரர்.

அலமாரியில் இன்னும் இருபத்தெட்டுக் கோட்டுகள் இருப்பது நினைவுக்கு வந்தது. உடனே வேறொன்றும் நினைவுக்கு வந்து என்னைத் தேற்றியது. வழங்கப்பட்டபோதே அவை இந்த நிலையில்தான் இருந்திருக்கின்றன. வழங்கப்பட்ட நிலையிலேயே திருப்பப் போகிறேன். விதி மீறப்படவில்லை. இதை மனைவியிடம் விளக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

பெட்டியின் அடியில் சிவப்புக் குடை இருந்தது. எடுத்து விரித்தேன். சுகமாக விரிந்தது. மாதம் ஒருமுறை விரித்து மூடப்பட்ட குடை அது ஒன்றுதான். அதை மகளின் கையில் கொடுத்தேன். அடுத்து நான் பேசியது என் வாழ்நாளிலேயே பெரிய பேச்சு.

“குட்டி, இதைப் பிடிச்சுட்டுப் போ. நனைஞ்சா நனையட்டும். என் பதினெட்டு வருஷப் பேர் போனாப் போகட்டும். கேள்வி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

என் மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கே கொஞ்சம் அழுகை வந்தது. கேள்வி கேட்கப்போகிறவனும் நான்தான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

மகள் குடையைப் பார்த்தாள். வெளியே மழையைப் பார்த்தாள்.

“அப்பா, குடை நனைஞ்சா என்னாகும்?”

“சேதம்னு எழுதணும்.”

“நான் நனைஞ்சா?”

“உனக்கென்னடா, துவட்டினாப் போச்சு.”

“குடையைத் துவட்ட முடியாதா?”

“முடியாது. துவட்டுறதைப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லலையே.”

“அப்போ என்னை மட்டும்தான் துவட்ட முடியும்.”

“ஆமா” என்றேன்.

 அவள் குடையை மூடி, மடிப்புகளை ஒழுங்காக நீவி, உறையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினாள்.

“நனையாமப் பாத்துக்கோங்கப்பா. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

என் மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். என் மச்சான் எலுமிச்சம்பழத்தை என் மற்றொரு கையில் வைத்து, “இதையும் அத்தான், மடிப்பு கலையாம” என்றான். விடுதிக்காரர் முன்னால் நடந்தார்.

“நானும் வரட்டுமா குட்டி?” என்று கேட்டேன்.

மகள் படியில் நின்று திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். வந்தால் அதை வைத்துவிட்டு வர வேண்டும், அல்லது நனைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டுக்கும் படிவம் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

“நீங்க குடைகிட்ட இருங்கப்பா” என்றாள்.

அவள் மழையில் இறங்கி அருவிக்குப் போனாள்.